சீட்டாடிப் பிழைத்தவரிடம் சந்தைப் பாடம்: கிருஷ்ணகிரியில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாத்திரக் கடையின் மாடியறையில், 2025 ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 24 வரை எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த ஒரு வகுப்பில் நான் கலந்துகொண்டேன். பங்குச் சந்தையில் பணத்தை இழக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். கட்டணம் 6,000 ரூபாய். நாங்கள் பதினான்கு பேர். பாடம் நடத்தியவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து பதினொரு ஆண்டுகள் பெங்களூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கிளப்புகளில் ரம்மி ஆடியே குடும்பத்தைக் காப்பாற்றியவர்; பிறகு சீட்டை விட்டுவிட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சந்தையில் இருக்கிறார். தம் பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பயிற்றுநர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுதுவது முறையாகாது. காவேரிப்பட்டணத்தில் எனக்கு விதை, உரக் கடை இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து, ஜூன் 1-ஆம் தேதி மாலை கருத்துக் கணிப்புகள் வெளியாகி, ஜூன் 3 திங்கட்கிழமை, ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, இனி இறங்காது என்று நம்பி இரண்டு லாட் புட் ஆப்ஷனை விற்றேன். குறியீடு இறங்கினால் விற்றவர் ஈடு கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் அது; லாட் என்பது அதைக் கட்டாக விற்கும் அளவு. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. காலை பத்து மணிக்குச் சந்தை சரியத் தொடங்கியதும் வெளியேறியிருக்க வேண்டும். நானோ மேலும் இரண்டு லாட் விற்று, சராசரி விற்பனை விலையை ஏற்றி, ஆவரேஜ் செய்தேன், அதன்பின் இன்னும் இரண்டு. அன்று நிஃப்டி 1,379 புள்ளிகள், ஏறத்தாழ ஆறு சதவீதம், வீழ்ந்தது. மதியம் பன்னிரண்டரை மணிக்கு நான் கையைக் கழுவியபோது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போயிருந்தது. அது ஆடிப் பட்டத்துக்கு விதை எடுக்க வைத்திருந்த பணம். என் மனைவியிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

ஓராண்டு கழித்து, கடைக்கு வரும் ஒரு மாங்காய் மண்டிக்காரர் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னபோது, சீட்டாடியவரிடம் போய்ப் பணத்தைப் பற்றிப் படிப்பதா என்று முதலில் தயங்கினேன். நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் சூதாட்ட இரவைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். சூது என்றாலே துகிலுரிதல்தான் மனத்தில் வரும். ஆனால் அதே பாரதத்துக்குள் நளன் கதையும் இருக்கிறது. ஓடும் தேரில் இருந்தபடியே தான்றி மரத்தின் காய்களை எண்ணிச் சொல்லும் மன்னன் இருதுபன்னன், அந்த எண்ணும் வித்தையை நளனுக்குக் கொடுத்து, பதிலுக்கு நளனிடமிருந்து குதிரை ஓட்டும் வித்தையைப் பெறுகிறான். சூதில் தோற்று நாட்டை இழந்த நளன், எண்ணக் கற்றுக்கொண்ட பிறகே அதை மீட்கிறான். ஒரு தொழிலின் வித்தை இன்னொரு தொழிலுக்கு மாற்றித் தரத்தக்கது என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

முதல் வகுப்பில் பங்கு என்ற சொல்லே வரவில்லை. பயிற்றுநர் பதின்மூன்று சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்தார். ஜோக்கர் ஒன்றும் இல்லை. வரிசையாக அமைந்த மூன்று சீட்டும் இல்லை. ராஜா, ராணி, ஆஸ் என்று பெரிய சீட்டுகள் ஆறு. இந்தக் கையை ஆடுவீர்களா, ட்ராப் போடுவீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒன்பது பேர் ஆடுவோம் என்றோம். ரம்மியில் ஒரு சீட்டும் எடுக்காமல் முதலிலேயே கையைக் கீழே வைத்தால் 20 புள்ளி நட்டம். எடுத்து ஆடிவிட்டு நடுவில் வைத்தால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை போகும். அவர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். இப்படிப்பட்ட பத்துக் கைகளை ஆடி, இரண்டில் வென்று தலா 80 புள்ளி பெற்று, எட்டில் தோற்றுச் சராசரியாக 45 கொடுத்தால், வரவு 160, செலவு 360. நிகர நட்டம் 200, அதாவது கைக்கு 20. ட்ராப்பின் விலையும் 20. ஆகவே இந்தக் கையில் பத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஆடலாம்; அதற்குக் கீழே என்றால் 20 புள்ளியைக் கொடுத்துவிட்டு எழுந்து தேநீர் குடிக்கலாம். தாம் பத்துக் கைகளில் நான்கைத் தொடாமலேயே கீழே வைத்தவர் என்று சொல்லி, கோடு போட்ட பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளின் மேசை, எதிரே இருந்தவர்கள், எடுத்த புள்ளி, கிளப்புக்குக் கொடுத்த காசு, அன்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது வரை அதில் இருந்தது.

அந்த நோட்டைப் புரட்டியபோதுதான், எனக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு விளங்கியது. 2024 ஜூன் 4-ஆம் தேதி காலை பத்து மணிக்கு என் கையில் இருந்தது ட்ராப் போட வேண்டிய கை. நான் 20-ஐக் கொடுக்க மனமில்லாமல் 80-ஐக் கொடுத்தவன்.

இரண்டாம் வகுப்புக்குள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் புதிய ஆய்வு வெளியாகியிருந்தது. ஜூலை 7 அன்று வந்த அந்த அறிக்கையை அவர் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 2024-25 நிதியாண்டில் பங்கு டெரிவேட்டிவ் (ஆப்ஷன், ஃபியூச்சர் ஒப்பந்தங்கள்) பிரிவில் ஆடிய தனிநபர்களில் 91 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். அவர்களின் நிகர நட்டம் 1,05,603 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் அது 74,812 கோடி. 2024 செப்டம்பரில் வந்த ஆய்வோ மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்து 93 சதவீதம் என்றது. மற்ற பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்களில் நான் ஒருபோதும் பார்த்திராத இந்த எண்களை இவர் முதலிலேயே மேசையில் வைத்தார். வகுப்பில் பாதிப் பேர் அன்றே எழுந்து போனாலும் பரவாயில்லை, கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்றும் சொன்னார். யாரும் போகவில்லை. இந்த நேர்மைக்காகவே நான் இந்த வகுப்பை உயர்வாக மதிக்கிறேன்.

வகுப்பின் உயிர் என்று நான் கருதுவது மூன்றாம் வாரம் நடந்த புளியங்கொட்டைப் பயிற்சி. ஒரு துணிப்பையில் நூறு புளியங்கொட்டைகள். அவற்றில் நாற்பதின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெளுக்க வைத்திருந்தார். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வைத்த பணம் இரட்டிப்பாகும், வெளுப்பு வந்தால் போய்விடும். எடுத்ததை மீண்டும் பையில் போட்டுக் குலுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஆயிரம் ரூபாய் காகிதப் பணம். நூற்றுக்கு அறுபது நம் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு வைப்பது என்பது மட்டும் அவரவர் விருப்பம். இவ்வளவு சாதகமான ஆட்டத்தை எந்தக் கிளப்பிலும் யாரும் நமக்குத் தர மாட்டார்கள். ஆனாலும் ஐம்பது சுற்று முடிவதற்குள் பதினான்கு பேரில் நான்கு பேர் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர். நான்கு கறுப்பு தொடர்ந்து வந்ததும் இருப்பதை எல்லாம் வைத்தார், ஐந்தாவது வெளுப்பு.

அதன்பின் வந்த கணக்கை நான் அப்படியே தருகிறேன், ஏனெனில் இதை மட்டும் புரிந்துகொண்டாலே 6,000 ரூபாய்க்குப் பலன் கிடைத்துவிடும். பத்துச் சுற்றில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதில் பாதியை வைப்பவரின் ஆயிரம் ரூபாய், பத்துச் சுற்று முடிவில் 712 ரூபாயாகிறது. ஐந்தில் ஒரு பங்கை வைப்பவரின் ஆயிரம் 1,223 ஆகிறது. பத்தில் ஒரு பங்கை வைப்பவரின் ஆயிரம் 1,162 ஆகிறது. வெற்றி தோல்வி மூவருக்கும் ஒன்றேதான். வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. ஆட்டம் நமக்குச் சாதகமாக இருந்தும், வைக்கும் அளவு தவறினால் பணம் கரையும். பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர இருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற எளிய உண்மைதான் இதன் அடியில் இருக்கிறது.

ஐந்தில் ஒரு பங்கு என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1956-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி எழுதிய கட்டுரையிலிருந்து என்றார். வென்றால் வைத்த அளவே கிடைக்கும் சமப் பந்தயத்தில், வெல்லும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்தால் கிடைப்பதே வைக்க வேண்டிய பங்கு: அறுபதிலிருந்து நாற்பது போக இருபது சதவீதம். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1960-களின் தொடக்கத்தில் பிளாக்ஜாக் ஆட்டத்தில், வெளியே வந்த சீட்டுகளைக் கணக்கு வைத்தால் ஆடுபவர் பக்கம் சாதகம் திரும்பும் நேரங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். நெவாடா சூதாட்ட விடுதிகளுக்கு நேரில் போய்ச் சோதித்தும் பார்த்தார். எப்போது அதிகம் வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதற்கு அவர் கெல்லியின் விதியைப் பயன்படுத்தினார். 1969-இல் அதே தார்ப் முதலீட்டு நிதி ஒன்றைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நட்டத்தில் முடிந்த ஆண்டு ஒன்றுகூட இல்லாமல் நடத்தினார். வாரண்டு (பங்கை முன்குறித்த விலையில் வாங்கும் உரிமை), மாற்றத்தக்க கடன்பத்திரம் (பங்காக மாற்றிக்கொள்ளக்கூடியது) ஆகியவற்றின் விலை எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது சீட்டை எண்ணுவதற்கு ஒப்பானது. எவ்வளவு வைப்பது என்பதோ இரண்டிலும் ஒன்றே.

புளியங்கொட்டைப் பயிற்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1998-இல் வீழ்ந்த எல்.டி.சி.எம். என்ற அமெரிக்க முதலீட்டு நிதியின் பங்குதாரர்களில் ஒருவரான விக்டர் ஹகானி, பிற்காலத்தில் 61 பேரிடம் 25 டாலர் கொடுத்து, அறுபது சதவீதம் தலை விழும் நாணயத்தின்மேல் பந்தயம் கட்டச் சொன்னார். பொருளாதாரம் படித்தவர்களும் நிதித்துறையில் இருந்தவர்களுமே அதில் பெரும்பாலோர். 28 சதவீதத்தினர் முழுவதும் இழந்தார்கள். பதினான்கில் நான்கு என்ற எங்கள் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

இந்த விதியைப் பயிற்றுநர் அப்படியே சந்தைக்குக் கொண்டுபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைக்குள் அறுபது கறுப்பு என்று நமக்குத் தெரியும். சந்தையில் அந்த எண் யாருக்கும் தெரியாது, நாம் அறுபது என்று நினைப்பது ஐம்பத்திரண்டாகக்கூட இருக்கலாம். ஆகவே ஒரு வர்த்தகத்தில் தோற்றால் மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அவர் கோடு போட்டார். வகுப்பு நடந்தபோது நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட் 75 அலகுகள். வாங்கிய ஆப்ஷனின் விலையான பிரீமியம் முப்பது புள்ளி இறங்கினால் வெளியேறுவது என்று ஸ்டாப் லாஸ் வைத்தால், ஒரு லாட்டுக்கு 2,250 ரூபாய் நட்டம். அது ஒரு சதவீதமாக இருக்க வேண்டுமானால் மூலதனம் 2,25,000 ரூபாய் இருக்க வேண்டும். ஓசூர் இளைஞரிடம் இருந்தது 40,000 ரூபாய்.

“அப்போ நான் என்ன சார் பண்றது?” என்று அவர் கேட்டார்.

“இந்த மேசை உங்களுக்கு இல்லீங்க தம்பி. சின்ன மேசை தேடணும், இல்லேன்னா காத்திருக்கணும்.”

அந்த இளைஞர் நாளொன்றுக்குப் பத்து முறை உள்ளே போய் வெளியே வருபவர். அவருடைய தரகுக் கட்டணத்தை மட்டும் பலகையில் போட்டார்கள். வாங்க ஒன்று, விற்க ஒன்று என்று இருபது ஆர்டர். ஆர்டருக்கு இருபது ரூபாய் வீதம் 400. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 72, நாளுக்கு 472. மாதம் இருபது நாள் என்றால் 9,440 ரூபாய். நாற்பதாயிரம் மூலதனத்தில் அது கிட்டத்தட்ட 24 சதவீதம். ஆப்ஷன் விற்கும்போது, 2024 அக்டோபரில் பிரீமியத்தில் 0.1 சதவீதமாக உயர்ந்த எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரியும் பிற கட்டணங்களும் இதில் சேரவில்லை. மாதம் 24 சதவீதம் ஈட்டினால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியும். கிளப்பில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசைக் காசு எடுப்பார்கள் அல்லவா, அதைக் கணக்கில் வைக்காதவன் நன்றாக ஆடியும் தோற்பான் என்று பயிற்றுநர் சொன்னார். எதிரே இருப்பவரைவிட நன்றாக ஆடினால் போதாது, மேசைக்காரர் எடுப்பதையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும்.

எதிரே இருப்பவர் யார் என்ற பாடமும் இதே வாரத்தில் வந்தது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய சஸ்குவெஹன்னா என்ற வர்த்தக நிறுவனம் தன் டிரேடர்களுக்குப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே போக்கர் கற்றுத்தருகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜெஃப் யாஸ் போக்கரிலும் குதிரைப் பந்தயத்திலும் தேர்ந்தவர். அங்கிருந்து வெளியேறியவர்கள் முன்னின்று தொடங்கியதுதான் ஜேன் ஸ்ட்ரீட் என்ற வர்த்தக நிறுவனம். எங்கள் முதல் வகுப்புக்குச் சில நாள் முன்பு, வங்கிப் பங்குகளின் குறியீடான பாங்க் நிஃப்டியில், ஒப்பந்தங்கள் முடியும் எக்ஸ்பயரி நாள்களில் விலையைத் திரித்ததாகக் கூறி, அந்த நிறுவனத்தின் 4,843 கோடி ரூபாயை முடக்கச் செபி இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் பயிற்றுநர் போகவில்லை. எக்ஸ்பயரி நாளில் ஓசூரில் ஷிப்டு முடிந்து வந்து கைப்பேசியைத் திறப்பவருக்கு எதிர்ப் பக்கத்தில் எப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டினார். தொழில்முறையாகச் சீட்டாடுபவர் தம்மைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் நான்கு பேர் இருக்கும் மேசையில் உட்கார மாட்டார். வேறு மேசை காலியாகும்வரை சுவரோரம் நிற்பார். நாம் அப்படி நிற்பதில்லை. எதிரே இருப்பவரின் முகம் தெரியாததால் அங்கே யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் மிகவும் மதித்த இன்னொரு பாடம், என்னை வகுப்புக்கு அனுப்பிய மண்டிக்காரரின் கேள்வியிலிருந்து வந்தது. அவர் மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடிப்பவர். பூ விட்ட உடனே பிடித்தால் விலை குறைவு, ஆனால் மழையோ காற்றோ எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். காய் திரண்டபின் பிடித்தால் விலை அதிகம், ஆபத்துக் குறைவு. அவரும் பந்தயம்தான் கட்டுகிறார், ஆனால் அதைப் பந்தயம் என்று யாரும் சொல்வதில்லை. காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி என்று ஐந்து இடங்களில் ஐந்து தோப்புகள் பிடித்து, ஆபத்தைப் பிரித்துவிட்டதாக நினைத்திருந்தார். 2025 கோடையில் விளைச்சல் பெருகி, கூழ் ஆலைகள் வாங்கும் பெங்களூரா மாங்காயின் விலை அடியோடு சரிந்தபோது ஐந்து தோப்பிலும் ஒரே நாளில் அடி விழுந்தது. பயிற்றுநர் பலகையில் ஐந்து வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோட்டை இழுத்து, எல்லாவற்றையும் கூழ் ஆலை என்ற ஒரே கட்டத்தில் சேர்த்தார். “நீங்க பிடிச்சது அஞ்சு தோப்பு இல்லீங்க அண்ணா, ஒரே தோப்பு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு என் கடன் பேரேடு நினைவுக்கு வந்தது. தக்காளி போடும் ஒரே ஊரைச் சேர்ந்த பதினேழு பேருக்கு உரம் கடன் கொடுத்திருக்கிறேன். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்தால் பதினேழு பேரும் ஒன்றாகவே கை விரிப்பார்கள். அன்று மாலையே கடைக்குப் போய், பயிர்வாரியாகக் கடனைப் பிரித்து எழுதினேன். இப்போது எந்தப் பயிருக்கும் மொத்தக் கடனில் கால் பங்குக்கு மேல் போவதில்லை. ஆப்ஷன் கற்கப் போன நான் உரக் கடைக்காகக் கற்றுக்கொண்டது இது. வகுப்பின் மதிப்பை இதை வைத்தே நான் அளக்கிறேன்.

மன அடக்கம் பற்றிய இரண்டு வகுப்புகள் இடையில் வந்தன. தோற்றபின் கோபத்தில் ஆடுவது, வென்றபின் மிதப்பில் ஆடுவது, இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நாள் எல்லை ஒன்றை வைக்கச் சொன்னார்: மூலதனத்தில் மூன்று சதவீதம் போனால் அன்றைக்குக் கடை மூடல். பாரதக் கூத்தில் தருமர் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் முன்னதைவிடப் பெரிய பணயம் வைப்பதை எண்ணிப் பாருங்கள் என்றார். செல்வம், நாடு, தம்பிகள், தாம், கடைசியில் திரௌபதி. நான் வைத்த லாட் எண்ணிக்கையும் இரண்டு, நான்கு, ஆறு என்றே ஏறியிருந்தது. நல்ல முடிவு வேறு, நல்ல விளைவு வேறு என்ற பாடமும் இங்கேதான் வந்தது. சரியாக யோசித்து எடுத்த முடிவு தோற்கலாம், குருட்டுத்தனமாக எடுத்தது வெல்லலாம். ஆகவே லாபநட்டத்தை எழுதும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், ஏன் உள்ளே போனேன் என்ற காரணத்தை வர்த்தகத்துக்கு முன்பே எழுத வேண்டும். எழுதாமல் ஆடிய சீட்டாட்டக்காரர் ஒருவர்கூட ஐந்து ஆண்டு தாண்டியதைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

குறைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பெரியது. சீட்டுக்கட்டில் 52 சீட்டு. ஆட்டத்தின் நடுவில் ஐம்பத்து மூன்றாவது சீட்டு வராது. சந்தையில் வரும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி திறக்கும்போதே ஏறத்தாழ 9 சதவீதம் கீழே திறந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத எல்லையைத் தொட்டு வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. முடிவில் 13 சதவீதம் போனது. முந்தின நாள் இரண்டு சதவீதத்தில் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு அந்த விலையே கிடைத்திருக்காது. தாண்டிக் குதித்து ஒன்பதில் போய் நின்றிருப்பார். ஒரு சதவீத விதி இப்படிப்பட்ட நாளில் நான்கு, ஐந்து சதவீதமாக மாறிவிடும். ஆப்ஷனை விற்பவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. இந்த வேறுபாட்டுக்கு எட்டு வாரத்தில் அரை வகுப்புத்தான் ஒதுக்கப்பட்டது. நான் இதை ஆறாம் வாரம் எழுப்பியபோது, சீட்டு மேசையிலிருந்து வந்த தமக்கும் இதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகளும் கணிசமான பணமும் ஆயிற்று என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அதுவே இரண்டு முழு வகுப்புகளுக்கு உரியது. சூதாட்டத்தின் திறமை எந்த இடத்தில் சந்தைக்குப் பொருந்தாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியேறும் மாணவர், புளியங்கொட்டைப் பையின் தைரியத்தோடு சந்தைக்குப் போய்விடக் கூடும்.

வரி பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லை. டெரிவேட்டிவ் வருமானம் வணிக வருமானமாகக் கருதப்படும், பங்கை அன்றே வாங்கி அன்றே விற்பது ஊக வணிகமாகும், சீட்டுப் பரிசுக்கோ தட்டையாக 30 சதவீதம் என்ற அடிப்படை வேறுபாட்டையாவது சொல்லியிருக்கலாம். அச்சிட்ட தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. பேச்சு முழுவதும் நல்ல தமிழில், நடுநடுவே தெலுங்கில் நடக்கும் வகுப்புக்குத் தாள் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்? பதினான்கு பேரில் ஒரே பெண், அவரும் ஜவுளிக் கடை நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை காலை என்பது வீட்டில் பெண்கள் நகர முடியாத நேரம் என்று அவர் சொன்னதைப் பயிற்றுநர் குறித்துக்கொண்டார். மாடியறையில் ஒரு மின்விசிறிதான்.

சட்டப்படி நடக்கிறாரா என்பதையும் கவனித்தேன். அவர் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்லர். அதை முதல் நாளே சொன்னார், எந்தப் பங்கையும் வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று எட்டு வாரத்திலும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் செபி போட்ட விதிப்படி, பாடம் நடத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலைகளைக் காட்டக் கூடாது. அவர் காட்டிய வரைபடங்கள் எல்லாம் ஓராண்டு பழையவை, அவற்றில் ஒன்று நான் தோற்ற அந்த ஜூன் 4. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லியிருந்தாலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் எங்கள் கடைசி வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 22 அன்று, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதை அவர் வரவேற்றுப் பேசினார். பதினொரு ஆண்டுகளில் தம்மோடு ஆடியவர்களில் குடும்பத்தோடு நிமிர்ந்து நிற்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள் என்றும், தம்மிடம் கற்றுக்கொண்டு யாரும் சீட்டுக்குப் போய்விடக் கூடாது என்றும் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஏற்கெனவே சந்தையில் இருந்து அடிபட்டவர்களுக்கும், விளைபொருள் வாங்கி விற்பவர்களுக்கும், கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் தயக்கமின்றிச் சொல்வேன். மாதச் சம்பளத்தைச் சிறுகச் சிறுகப் பங்கு நிதியில் போட்டுவருபவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் அதையே தொடரலாம். வருமானம் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

சேர்க்கும்போது பயிற்றுநர் ஒரு கேள்வி கேட்பார்: கடன் இருக்கிறதா, நகை அடகில் இருக்கிறதா? ஓசூர் இளைஞர் அன்று இல்லை என்று சொல்லியிருந்தார். ஐந்தாம் வாரம், அந்த நாற்பதாயிரமும் அக்காவின் வளையலை அடகு வைத்து வந்தது என்று அவரே சொல்லிவிட்டார். பயிற்றுநர் வகுப்பை அரை மணி நேரம் நிறுத்தி அவரை வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது இளைஞர் பையை எடுத்துக்கொண்டார். கட்டிய 6,000 ரூபாயும் அவர் சட்டைப் பையில் இருந்தது. வளையலை மீட்டுவிட்டு அடுத்த தொகுதிக்கு வாருங்கள், அப்போது கட்டணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த தொகுதி பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் என்று அப்போது சொன்னார். சேர்கிறவர்கள் இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் போக வேண்டும்.